முதல் காரணம்

திரையில் ‘கையால் நிறுத்தப்பட்டது’ என்ற வரி வந்தபோது, நிறுத்தும் சுவிட்ச் அவளுடைய உள்ளங்கையில் இருந்தது. காலையில் வந்ததும் முதல் வேலையாக நான்கு திருகுகளைக் கழற்றி, இரண்டு ஒயர்களையும் வெட்டி, அதைத் தனியே எடுத்துவிட்டாள். இப்போது மிஷினின் முகப்பில் அந்த இடத்தில் ஒரு வட்ட ஓட்டைதான் இருந்தது. அறையில் அவளைத் தவிர ஈ காக்கை கிடையாது. நாற்பத்து மூன்று நிமிடம் ஓடிய மிஷின் தானாகவே நின்று, யாரோ கையால் நிறுத்திவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டேகால். வெளியே வெயில் கொளுத்தியிருக்கும், ஆனால் இந்தப் பரிசோதனை அறைக்கு ஜன்னல் இல்லை என்பதால் அங்கே எப்போதும் ஒரே நேரம்தான். தலைக்கு மேல் இரண்டு குழல் விளக்குகள் மெல்ல இரைந்தன. ஏசி காற்றில் தரை துடைத்த திரவத்தின் நெடியும், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனையும், அதற்கடியில் எங்கிருந்தோ லேசாக இருமல் மருந்தின் இனிப்பு வாடையும் கலந்து வந்தன. மிஷினிலிருந்து நீண்ட வெள்ளைக் குழாயின் நுனியில், நுரையீரலுக்குப் பதிலாகச் சோதனைக்கு மாட்டும் ரப்பர் பை கிடந்தது. மிஷின் காற்றை அனுப்பினால் அது உப்பும், விட்டால் தளரும், அவ்வளவுதான். அதற்குச் சொந்தமாக எதையும் இழுக்கத் தெரியாது. மிஷின் நின்று அரை நிமிடம் கழித்து அந்தப் பை ஒரு பக்கமாக உள்ளே ஒடுங்கியது. சூடான காற்று ஆறினால் அப்படித்தான் சுருங்கும் என்று சொல்லிக்கொண்டாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தரம் ஒடுங்கியது.

அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண் எல்லாம் திரையில் இருந்தது. நான்கு மாதமாகத் தேடிய பொய் கடைசியில் கையும் களவுமாக மாட்டியிருந்தது. சந்தோஷப்படத்தான் நினைத்தாள், அழுகைதான் வந்தது.

அவளுடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்; இல்லாவிட்டால் அவள் செய்த பாவம் புரியாது. தனியாக மூச்சுவிடத் தெம்பில்லாதவர்களுக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் மூச்சு மிஷின்களைச் செய்யும் சின்ன நிறுவனம் அது. மிஷினுக்குள் இருக்கும் கணினியின் அடிமடியில் கெர்னல் என்று ஒன்று ஓடும். மற்ற நிரல்கள் எல்லாம் அதன் மடியில்தான் உட்கார்ந்திருக்கும். ஏதாவது தப்பு நேர்ந்தால் ஓடிவந்து, என்ன நடந்தது, எப்போது நடந்தது, எதனால் என்று குறித்துவைத்து அலாரம் அடிக்கச் சொல்லும் பகுதி ஒன்று கெர்னலில் உண்டு. அதை எழுதியவள் அவள். அலுவலகத்தில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பட்டப்பெயர். டீ மிஷின் மக்கர் பண்ணினால்கூட ‘லாக்ல என்ன போட்டிருக்கு?’ என்று கேட்பவள். மனிதர்கள் சொல்வதைவிட மிஷின் தன் பதிவேடான லாக்கில் எழுதி வைப்பதைத்தான் நம்புவாள். கேலியாக வைத்த பெயர்தான். அவளுக்கும் அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமை இருந்தது.

அவள் பையனுக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே தசைகளுக்கு வலுவில்லை. விழித்திருக்கும்போது சமாளிப்பான்; தூங்கப்போனால் இருமல் மருந்து கொடுத்து, முகத்தில் மாஸ்க்கை மாட்டி மிஷினை ஓடவிட வேண்டும். அம்மா செய்த மிஷின் என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான். மாஸ்க்கை மாட்டும்போது அவள் கை முகத்தைத் தாங்கியிருக்கும். அப்போது கன்னத்தை அவள் உள்ளங்கையில் முழுப் பாரமும் இறங்கும்படி சாய்த்துவிட்டு, ‘இப்ப நீயே என் தலையைத் தூக்கிக்கோ’ என்பான்.

நூற்றுப் பதினெட்டு நாளைக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை மதியம், அவள் அலுவலகத்தில் இருந்தாள். வீட்டில் அவள் கணவர், பையனைத் தூங்கவைத்துவிட்டுக் கட்டிலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், முந்தைய இரண்டு ராத்திரியும் கண்விழித்த அசதியில் தானும் தூங்கிப்போனார். மூன்று ஐம்பத்தைந்துக்கு அவருக்கு விழிப்பு வந்தது. மிஷின் ஓடவில்லை. பையனுக்கு மூச்சு இல்லை.

அலாரம் அடிக்கவே இல்லை. ஏன் என்பதற்கு லாக்கில் பதில் இருந்தது: ‘3:52. கையால் நிறுத்தப்பட்டது.’ கையால் நிறுத்தினால் அலாரம் அடிக்காது. நர்ஸுகள் தாங்களே நிறுத்தும்போதும் மிஷின் ஊரைக் கூட்டுகிறது என்று புகார் வந்ததால் அப்படி வைத்திருந்தார்கள். அறையில் இருந்த கைகளோ இரண்டே இரண்டு. விசாரணைக்கு வந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். எட்டு வருஷம் பார்த்த மனுஷன், எத்தனை நாள்தான் தாங்குவான் என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசியவர்களும் உண்டு. யார் மேலும் வழக்கு வேண்டாம் என்று காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிட்டார்கள்.

அவளாவது அவர் பக்கம் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. நான்காம் நாள் அந்தத் தாளை அச்செடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் அவர் முன்னால் வைத்தாள்.

“தூங்கிட்டேன். அது என் தப்பு. ஆனா நான் தொடலைம்மா” என்றார்.

“லாக் பொய் சொல்லாது” என்றாள் அவள்.

அவர் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த வாரமே அவருடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். நாத்தனார் ஒருநாள் போனில் சொன்னது அவளுக்குத் தூக்கத்திலும் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் இப்பல்லாம் ரெண்டு கையையும் துண்டால கட்டிக்கிட்டுத்தான் படுக்கறான், கேட்டா, தூக்கத்துல இந்தக் கை என்ன பண்ணும்னு எனக்கே தெரியாதுக்கான்னு சொல்றான், என்று நாத்தனார் சொன்னாள். தான் செய்யாத ஒன்றை, மிஷின் சொன்னதற்காக, செய்திருப்போமோ என்று அந்த மனிதர் நம்ப ஆரம்பித்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு மனசு கேட்கவில்லை. மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி, விசாரணை முடிந்து சீலிட்ட பெட்டியில் கிடந்த பையனின் மிஷினையே வாங்கினாள். யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, வாசலில் வாட்ச்மேனிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதை எடுத்துக்கொண்டு இந்த அறைக்கு வந்தாள்.

முதல் ஓட்டம் முப்பத்தெட்டு நிமிடத்தில் நின்றது. இரண்டாவது நாற்பத்து மூன்றில். உள்ளே ஒரு நினைவகச் சில்லு சூடேறி மின்சுற்றுப் பலகையில் பிடிப்பு விடுகிறது. ஆற இருபது நிமிடம் ஆகும், அதுவரை எத்தனை தடவை தட்டினாலும் உயிர் வராது. அந்தச் சில்லை மாற்றுவது பலகைக்காரர்களின் வேலை. அவர்கள் திங்கட்கிழமைதான் வருவார்கள். ஆனால் அவள் தேடி வந்தது அந்தக் கோளாறை இல்லை, அதைப் பற்றிய பொய்யை. அது அவள் எழுதிய இடத்திலேயே இருந்தது.

வீட்டுக்குள் தீப்பிடித்ததும் பலகையில் எழுதிவைக்க ஓடும் காவல்காரன், அந்தப் பலகையும் எரிவதைப் பார்த்துத் தடுமாறி, எழுதியதை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுத ஆரம்பிப்பதைப் போலத்தான் நடந்திருந்தது. பிழையைக் குறித்துவைக்கப் போன இடத்திலும் அதே பிழை. மறுபடி குறிக்கப் போக, மறுபடி அதே பிழை. ஒவ்வொரு தடவையும் காரணம் என்ற கட்டத்தைத் துடைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு ஆரம்பிக்கும்படி எழுதியிருந்தாள். முதல் பதிவு உள்நினைவில் எங்கோ கிடந்தாலும், அறிக்கை கடைசிப் பதிவைத்தான் காட்டும். இப்படியே சுற்றிச் சுற்றி, சில சமயம் நொடிகளில், சில சமயம் வெகுநேரம் கழித்து, எழுத முடியாமலே மிஷின் அணைந்தபோது கட்டத்தில் பூஜ்யம் மிஞ்சியது. காரணங்களின் பட்டியலில் பூஜ்யம் என்றால் கையால் நிறுத்தியது. எல்லாவற்றிலும் சாதாரணமானது, பயமில்லாதது என்று அதை முதல் இடத்தில் போட்டவளும் அவள்தான். பக்கத்தில் அவளே ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள்: ‘பிறகு சரிபார்க்க வேண்டும்.’ மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி. அன்றைக்குப் பையனுக்குக் காய்ச்சல் என்று சீக்கிரம் கிளம்பியது அவளுக்கு ஞாபகம் வந்தது.

திருத்தம் ஏழே வரிகள். முதலில் வந்த காரணத்தை யாரும் துடைக்கக் கூடாது. அறிக்கையில் கடைசிப் பதிவைக் காட்டாமல் முதல் பதிவைக் காட்ட வேண்டும். பூஜ்யத்துக்கு ‘காரணம் தெரியவில்லை’ என்று பொருள். காரணம் தெரியாவிட்டாலும் அலாரம் அடிக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்ததால் ஏழு வரிக்கு அரைமணி நேரம் ஆயிற்று. நான்கு தடவை படித்துப் பார்த்தாள். இனி இந்த மிஷின் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும். பொய் சொல்ல அதற்கு வழியே இல்லை.

புதிய கெர்னலை ஏற்றி, மிஷினின் உள்நினைவில் சின்ன பேட்டரி ஒன்றின் தயவில் அழியாமல் கிடந்த அந்தத் திங்கட்கிழமையின் பதிவுகளைக் கேட்டாள். பதில் உடனே வந்தது.

‘முதல் காரணம்: நினைவகப் பிழை. காற்று நின்ற நேரம் 3:10. மிஷின் அணைந்த நேரம் 3:52.’

கைபேசியை எடுத்தாள். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. நான்கு மாதமாக முகம் கொடுத்துப் பேசாத மனிதர், இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

“நீங்க தொடலைங்க” என்றாள். வேறு எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, “தூக்கத்துல…” என்றார்.

“தூக்கத்துலயும் இல்ல. மிஷின் தானா நின்னிருக்கு. நான் எழுதினதுல தப்பு. அலாரம் அடிக்காததும் அதனாலதான். எல்லாம் என்னோடது.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் அழுதார். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம். அக்கா வீட்டில் குழந்தைகள் தூங்குகிறார்கள் போல. ரொம்ப நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அப்போ அவன்… தவிச்சானா?”

திரையில் இரண்டு நேரங்களும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருந்தன. மூன்று பத்து. மூன்று ஐம்பத்திரண்டு. இத்தனை நாளும் எல்லோரும் மூன்று ஐம்பத்திரண்டுக்குத்தான் காற்று நின்றது, மூன்றே நிமிடத்தில் முடிந்துவிட்டது என்று நினைத்து ஆறுதல் பட்டார்கள். நாற்பத்திரண்டு நிமிடம். மாஸ்க்கை விலக்கக் கையில் தெம்பில்லாத பிள்ளை, கைக்கெட்டும் தூரத்தில் அப்பா தூங்க, கூப்பிடக் குரல் எழும்பாமல்.

“இல்லைங்க” என்றாள். “ஒரு நிமிஷம்கூட இல்ல. தூக்கத்துலயே போயிட்டான்.”

“லாக்ல இருக்கா?”

“லாக்ல இருக்கு.”

அரைமணியில் வருவதாகச் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். நீ தனியா இருக்காதே என்றும் சொன்னார். அவள் போனை மேசையின் அந்தப் பக்கம் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். நான்கு மாதம் ஒரு பொய்யறிக்கையால் அவரைச் சித்திரவதை செய்தவள், அதைத் திருத்திய கையோடு இன்னொன்றைக் கொடுத்திருக்கிறாள். ஆனால் இதைத் திருத்தப்போவதில்லை. சாகும்வரை திருத்தப்போவதில்லை. அவர் வருவதற்குள் அந்தப் பதிவை அழித்துவிட வேண்டும்.

அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பெற்றவளுக்கு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அறிக்கையின் அடியில் மூச்சு முயற்சி என்று ஓர் எண்ணிக்கை இருக்கும். நோயாளி தானாகக் காற்றை இழுக்கப் பார்த்தால், மிஷின் அதை உணர்ந்து ஒன்று கூட்டிக்கொள்ளும். நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு ஆயிரம் இருக்கலாம். அந்த ஆயிரத்தைப் பார்த்துவிட்டு அழித்துவிடுவோம் என்று திரையைக் கீழே நகர்த்தினாள்.

40,78,812.

குப்பை, என்று நினைத்தாள். பிழையான இடத்தைப் படித்தால் இப்படித்தான் வாயில் நுழையாத எண்கள் வரும். இந்த வேலையில் தினமும் பார்ப்பதுதான். இடத்தைச் சரிபார்த்தாள். சரியாக இருந்தது. படிக்கும் வரியைச் சரிபார்த்தாள். அதுவும் சரி. அறை கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருந்தது, அல்லது ஏசி சத்தம் குறைந்ததால் அப்படித் தோன்றியது. இருமல் மருந்து வாடை இப்போது லேசாக இல்லை. யாரோ பக்கத்தில் மூடியைத் திறந்து வைத்த மாதிரி வந்தது. பழக்கதோஷத்தில் ஒரு காகிதத்தை இழுத்துக் கணக்குப் போட்டாள். எண்கள் குப்பையா இல்லையா என்று பார்க்க அவள் எப்போதும் செய்வது அது: எதையாவது எதாலாவது வகுத்துப் பார்ப்பது.

அன்று மூன்று பத்திலிருந்து இன்று மூன்று நாற்பது வரை. நூற்றுப் பதினெட்டு நாள், அரைமணி நேரம். ஒரு லட்சத்து அறுபத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது நிமிடம்.

வகுத்தாள்.

இருபத்து நான்கு வந்தது.

தூங்கும்போது அவன் நிமிடத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுவான் என்று அவளை எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, எட்டு வருஷம் எண்ணியிருக்கிறாள். இருபத்து நான்கு.

நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். 40,78,861.

அவள் பார்க்கும்போதே அறுபத்திரண்டு ஆனது.

இத்தனை நாளும் மிஷின் சீலிட்ட பெட்டியில் இருந்தது. கரண்டே இல்லாமல். மூச்சை உணரும் பகுதிக்கு அந்தச் சின்ன பேட்டரி போதாது. குழாய்கூடச் செருகியிருக்கவில்லை. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டாள். எல்லாம் உண்மை. அறுபத்து மூன்று. காலையில் இந்த எண்ணைப் பார்த்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள், லாக்கே பொய், அதில் இது ஒன்றா என்று. இப்போது அப்படிச் சொல்ல முடியாது. பொய் சொல்ல முடியாதபடி இந்த மிஷினைத் திருத்தியது அவளே. அறுபத்து நான்கு.

மேசையில் ரப்பர் பை ஒடுங்கியது. தளர்ந்தது. ஒடுங்கியது. திரையில் எண் கூடும்போதெல்லாம்.

யாராக இருந்தாலும் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்பார்கள். அவளும் எழுந்துவிட்டாள், கதவுப்பிடியில் கைகூட வைத்துவிட்டாள். அதற்கு மேல் போக முடியவில்லை. பயத்தை மீறி ஒன்று அவளைத் திருப்பியது. அவன் விடவே இல்லை. முடிந்துபோயிற்று என்று இவர்கள் அழுது, குளித்து, படத்தை மாட்டி, தூங்கி எழுந்த அத்தனை நாளும் அவன் காற்றுக்காக இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். நிமிடத்துக்கு இருபத்து நான்கு தடவை. பெட்டிக்குள்ளே. இருட்டில்.

“குட்டி” என்றாள்.

பெட்டியின் அடியில் பாலித்தீன் பையில் அவனுடைய மாஸ்க் இருந்தது. ரப்பர் பையைப் பிடுங்கி எறிந்துவிட்டு மாஸ்க்கைக் குழாயில் செருகினாள். மிஷினைத் தட்டினாள். ஆறியிருந்தது. விசிறி சுழன்று, குழாய் வழியே காற்று இரைந்து வந்தது. மாஸ்க்கை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றாள். பிறகு மண்டியிட்டு, பக்கத்து நாற்காலியின் முன்னால், எட்டு வயதுப் பிள்ளை உட்கார்ந்தால் முகம் எங்கே வருமோ அந்த உயரத்தில், வெறும் காற்றில் பிடித்தாள்.

மாஸ்க்கின் உள்பக்கம் ஆவி படிந்தது.

மறைந்தது. படிந்தது.

அவள் உள்ளங்கையில் பாரம் இறங்கியது. மெதுவாக, நம்பிக்கையோடு, முழுப் பாரமும்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. முழங்கால் மரத்தது. தோள் தீயாக எரிந்தது. என்னென்னவோ பேசினாள் அவனிடம். மன்னிப்புக் கேட்டாள், அப்பா வருகிறார் என்றாள். திரையை அணைக்க வேண்டும் என்பது நினைவில் இருந்தது. அணைக்க ஒரு கை வேண்டும். இரண்டு கையும் அவனிடம் இருந்தன.

மிஷின் ஓடத் தொடங்கிய முப்பத்து மூன்றாவது நிமிடத்தில் கதவு திறந்தது. அவர் ரொம்ப இளைத்திருந்தார். மணிக்கட்டுகளைச் சுற்றித் துணி இறுக்கிய தடம் கருத்திருந்தது. அவளைப் பார்த்தார், மாஸ்க்கைப் பார்த்தார். அதில் ஆவி படிவதைப் பார்த்தார். பிறகு திரைக்குத் திரும்பினார். தடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. இரண்டு நேரங்களையும் படித்தார். கீழே ஓடிக்கொண்டிருந்த எண்ணையும் படித்தார். எட்டு வருஷம் அந்த மிஷினோடு வாழ்ந்தவருக்கு அது எதை எண்ணுகிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“இத்தனை நாளாவா?” என்றார்.

அவள் தலையசைத்தாள்.

அவர் வந்து அவளருகே மண்டியிட்டார். மாஸ்க்குக்கு மேலே, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், கையைக் கொண்டுபோனார். எதன் மேலோ பட்டதுபோல் கை நின்றது. முடியைக் கோதுவதைப் போல விரல்கள் அசைந்தன.

அப்போது அலாரம் அடித்தது.

அறையே அதிர்ந்தது. ஒரு தடவைகூட அவர்கள் வீட்டில் கேட்டிராத சத்தம். விசிறி நின்றுவிட்டிருந்தது. திரையில் வரிகள், ஒவ்வொன்றும் உண்மை. நினைவகப் பிழை. காற்று நின்றது. நேரம் 4:24. நோயாளியை உடனே கவனிக்கவும். அவள் அறிக்கையைத்தான் திருத்தியிருந்தாள். கோளாறு கோளாறாகவே இருந்தது.

ஆற இருபது நிமிடம்.

மாஸ்க் உள்நோக்கி இழுபட்டு அவள் கையை உறிஞ்சியது. விட்டது. உறிஞ்சியது. எண் வேகமெடுத்தது.

“என்ன பண்ணணும்?” என்று அவர் கத்தினார். “சொல்லு, என்ன பண்ணணும்?”

அவளுக்குத் தெரியவில்லை. அவர் காத்திருக்கவும் இல்லை. மிஷினிலிருந்து குழாயைப் பிடுங்கி, அதன் வாயைத் தன் வாயில் வைத்து ஊதினார்.

மாஸ்க்கில் ஆவி படிந்தது. கையில் பாரம் திரும்ப வந்தது.

மறுபடி ஊதினார். மறுபடி. இரண்டரை நொடிக்கு ஒன்று. கண்கள் பிதுங்க, தடம் கருத்த கைகளால் குழாயைப் பற்றிக்கொண்டு, நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்தவராக ஊதினார். இருபது நிமிடம் ஊதினால் மிஷின் ஆறும். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் ஓடும், திரும்ப நிற்கும். அலாரம் ஓயாமல் அடித்தது. அதை நிறுத்த யாருக்கும் கை ஒழியவில்லை. அவருக்குத் தலை சுற்றித் தள்ளாடத் தொடங்கியபோது, அவள் ஒரு கையால் மாஸ்க்கைப் பிடித்தபடியே சாய்ந்து, குழாயைத் தன் வாய்க்கு வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை ஆகியிருந்தது. சில்லை மாற்றத் தெரிந்த ஆட்கள் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத்தான் வருவார்கள்.